நலங்கு எந்த நாளில், செருப்பை யார் எடுப்பது

உங்கள் அக்காவுக்குத் தை மாதம் திருச்சியில் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். காதல் கல்யாணம், இரண்டு வீட்டுக்கும் சமூகம் வேறு. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே நலங்கு வைக்க வருகிறோம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். உங்கள் பாட்டியோ, தாலி கட்டின அன்று சாயந்திரம்தான் நலங்கு, அதற்கு முன்னால் என்ன நலங்கு என்று முறைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் சித்தப்பா பையன்கள் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துப் பத்தாயிரம் ரூபாய் கேட்கப் போவதாகத் திட்டம் போடுகிறார்கள். இதில் எது சாஸ்திரம், எது சும்மா விளையாட்டு, எதை விட்டால் தோஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. “அக்காவுக்குப் பத்துப் பேர் பார்க்க விளையாடுவதே பிடிக்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கூனிக்குறுக வைக்காமலும், பாட்டியை நோகடிக்காமலும், மாப்பிள்ளை வீட்டாரோடு மனத்தாங்கல் வராமலும் எப்படி நடத்துவது? இதுதானே கேள்வி? அதற்கே பதில் சொல்கிறேன். சாஸ்திரம் வழியிலேயே வந்துவிடும்.

நான் கும்பகோணம் பக்கம். அம்மா நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் பாடப் போவார். கூடவே போய் சுருதி போட்டுத்தான் எனக்கு இந்த உலகம் பழக்கமானது. அப்புறம் இருபத்தாறு வருஷமாக நானே கல்யாண கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். சீர்ச்சாமான் முதல், ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கட்டிக்கொடுக்கிற கட்டுசாதக்கூடை வரை எங்கள் பொறுப்பு. பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தஞ்சாவூர், திருச்சி, நாகப்பட்டினம் கல்யாணங்கள். கொங்கு நாட்டுச் சீர்களை அங்கே சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரர்தான் சொல்ல வேண்டும், செட்டிநாட்டுச் சடங்கை அந்த வீட்டு ஆச்சிகள்தான் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை.

முதலில் அந்த நலங்குத் தகராறு. இரண்டு வீடும் சரியாகத்தான் சொல்கிறார்கள். சொல் ஒன்று, காரியம் இரண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான சமூகங்களில் நலங்கு என்றால் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையோ பிள்ளையையோ மனையில் உட்காரவைத்து, சுமங்கலிகள் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வந்து, கன்னத்திலும் கையிலும் சந்தனமும் மஞ்சளும் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, ஆரத்தி எடுப்பது. நலங்கு மாவு என்று கடையில் விற்கிறார்களே, பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்தது, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். பிராமண வீடுகளில் நலங்கு என்றால் முகூர்த்தம் முடிந்த சாயந்திரம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விளையாட விடுவது. அங்கேயும் பெண் மாப்பிள்ளையின் காலில் மஞ்சளால் நலங்கு இடுவாள் என்பதால் பூசுகிற வேலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் கூட்டம் வருவது விளையாட்டைப் பார்க்க. உங்கள் கல்யாணத்தில் இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம், ஒன்றோடு ஒன்று இடிக்காது. முன்னதை ‘மஞ்சள் பூசுகிறார்கள்’ என்றும் பின்னதை ‘நலங்கு’ என்றும் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், அவருடைய பாதிக் கோபம் போய்விடும். ஒரே மண்டபத்தில் இரண்டு சம்பந்தியும் நலங்குத் தட்டோடு வேறு வேறு நாளில் வந்து நின்று, யார் செய்தது தப்பு என்று வாக்குவாதமான கல்யாணத்தை நான் பார்த்திருக்கிறேன். யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சாஸ்திரமா என்றால், இதை உறுதியாகவே சொல்லலாம்: இல்லை. எங்களோடு ரொம்ப நாள் வேலை செய்த வாத்தியார், அதாவது புரோகிதர், ஒருவர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கியிருக்கிறார். வைதிகக் கல்யாணத்துக்கு ஆதாரம் க்ருஹ்ய சூத்திரங்கள் என்ற, வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய சமஸ்கிருத நூல்கள். பாணிக்ரஹணம் என்ற கைப்பிடித்தல், அம்மி மிதித்தல், பொரியிடுதல், ஏழடி எல்லாம் அதில் இருக்கின்றன. ஊஞ்சல் இல்லை, அப்பளம் இல்லை, தேங்காய் உருட்டலும் இல்லை. ஆனால் இன்னொரு வேடிக்கையும் அதில் இருக்கிறது. அந்தச் சூத்திரக்காரர்களில் ஒருவரான ஆச்வலாயனர் விவாகத்தை ஆரம்பிக்கும்போதே, ஊருக்கு ஊர், தேசத்துக்குத் தேசம் வழக்கம் பலவிதம், அவற்றைக் கல்யாணத்தில் அனுசரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். இன்னொருவரான ஆபஸ்தம்பர் இன்னும் நேராகவே, இந்த வழக்கங்களைப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். அதாவது சூத்திரமே பொறுப்பை உங்கள் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டது. ஆகையால் ‘சாஸ்திரத்தில் இல்லாததால் வேண்டாம்’ என்று யாராவது சொன்னாலும், ‘விட்டால் தோஷம்’ என்று யாராவது பயமுறுத்தினாலும், இரண்டையும் நம்ப வேண்டாம். அந்தந்த வீட்டுப் பெண்கள் வேண்டும் என்றால் வேண்டும், போதும் என்றால் போதும்.

காசி யாத்திரை மட்டும் இரண்டும்கெட்டான். அதில் மாப்பிள்ளை குடை பிடித்து, கைத்தடி ஊன்றி, விசிறியும் புஸ்தகமுமாக, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, அங்கவஸ்திரத்தில் கொஞ்சம் அரிசி பருப்பு முடிந்துகொண்டு காசிக்குக் கிளம்புவார். பெண்ணின் அப்பா தேங்காயோடு எதிரே வந்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள் என்பார். இந்த வேஷத்துக்கு அடி உண்டு. குருகுலம் முடித்து வீடு திரும்புகிற சமாவர்த்தனம் என்ற சடங்கில் படித்து முடித்தவன் குடை, தடி, செருப்பு எல்லாம் ஏற்றுக்கொள்வதைச் சூத்திரங்களே சொல்கின்றன. ஆனால் அவன் காசிக்குக் கிளம்புவதும் மாமனார் மறிப்பதும் நாடகம். நம் வாசலில், நம் பெரியவர்கள் சேர்த்தது. அந்த நாடகம் சோபிப்பது மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது. ஒரு மாப்பிள்ளை மண்டப வாசலைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை போய், “காசிக்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டார். மாமனாருக்கு முழங்கால் வலி, தேங்காயை ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இருபது வருஷம் ஆகியும் அந்த வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மாலை மாற்றல் அதற்கடுத்தது. மூன்று முறை. மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்க, ஒருவர் போடப் போகும்போது மற்றவர் விலகுவார். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மாமாக்களைத் தூக்க விடாதீர்கள், இதை எல்லாக் கல்யாணத்திலும் சொல்லி, எல்லாக் கல்யாணத்திலும் தோற்கிறேன். இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வைதிகக் கல்யாணத்தில் மாலை மாற்றுவது விளையாட்டுக் கணக்கில் சேரும். ஆனால் தமிழ்நாட்டில் 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உற்றார் உறவினர் முன்னால் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டாலே கல்யாணம் செல்லும். மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொன்னாலும் செல்லும். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது அப்படித்தான். ஒரு வீட்டில் விளையாட்டாக இருப்பது பக்கத்து மண்டபத்தில் கல்யாணமாகவே இருக்கிறது. எது சடங்கு, எது விளையாட்டு என்று கோடு கிழிக்கச் சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஊஞ்சல். இருவரும் உட்கார, சுமங்கலிகள் பாலும் பழமும் கொடுத்து, கலர் கலராகப் பிடித்த சாத உருண்டைகளைச் சுற்றி நாலு திசையிலும் எறிந்து, விளக்கோடும் தண்ணீரோடும் வலம் வருவார்கள். இதற்குக் கூச்சம் தேவையில்லை, அக்கா சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

கூச்சம் வருவது சாயந்திர நலங்கில்தான். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், அப்போது எதை வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கே தெரியும். ஹாலின் நடுவில் பாய் விரிப்போம். பத்தமடைப் பாய் என்றால் விசேஷம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது, பெண் பிள்ளை பெயரை ஓரத்தில் நெய்து வாங்கலாம். இருவரும் எதிரெதிரே. பெண் பாட்டுப் பாடி மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். பாட வராத பெண்ணுக்காகத் தோழியோ மாமியோ பாடுவார்கள். இப்போது பாதிப் பெண்கள் செல்போனில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. காலுக்கு மஞ்சள் இட்டு, தலை சீவி, கண்ணாடி காட்டி, பவுடர் பூசி, வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை கையை இறுக்கி மூடிக்கொள்ள, உள்ளே இருக்கிற வெற்றிலையை அவள் பிடுங்க வேண்டும். பிறகு தேங்காய் உருட்டல். அதற்கு நார் சுத்தமாக உரித்து மொழுக்கென்று இருக்கிற தேங்காயாக வேண்டும், குடுமித்தேங்காய் நேராக உருளாது. பூச்செண்டை எறிந்து பிடிப்பது ஒன்று. கடைசியில் அப்பளம். இரண்டு கையிலும் அப்பளத்தை வைத்துக்கொண்டு எதிராளியின் தலையைச் சுற்றி, படீரென்று தட்டி உடைக்க வேண்டும். நொறுங்கி உச்சந்தலையிலிருந்து தோள் வரை கொட்டும். குழந்தைகள் எல்லாம் பாயின் ஓரத்தில் காத்திருப்பது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். ஒரே ஒரு தொழில் ரகசியம்: அப்பளத்தைப் பொரிக்காதீர்கள், சுட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டில் எண்ணெய் இறங்கினால் எந்த டிரை கிளீனிங்கும் முழுசாக எடுக்காது. ஆரத்தி நீரும் அப்படித்தான், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்து சிவந்தது, ஒரு சொட்டு போதும்.

ஏன் இதெல்லாம் என்று கேட்டால், ஊஞ்சல் வாழ்க்கையின் ஏற்ற இறக்கம், தேங்காய் பொறுப்பை மாற்றிக்கொள்வது, அப்பளம் அகங்காரம் உடைவது என்று மைக் பிடித்தவர்கள் விளக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அம்மா தலைமுறையில் ஒருவரும் இப்படி விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. ‘எதுக்கும்மா?’ என்று கேட்டால், ‘வேடிக்கைக்குத்தான், வேறெதுக்கு?’ என்பார்கள். நான் நம்புகிற காரணம் வேறு. 1929-ல் சாரதா சட்டம் வந்து குறைந்தபட்சக் கல்யாண வயது பெண்ணுக்குப் பதினாலு, ஆணுக்குப் பதினெட்டு என்று வைப்பதற்கு முன்னால், பல வீடுகளில் மணப்பெண் என்றால் எட்டு வயது, பத்து வயதுக் குழந்தை. கல்யாணம் நாலைந்து நாள் நடக்கும். முன்பின் பார்த்திராத இரண்டு பிள்ளைகளை அத்தனை நாள் மனையில் உட்காரவைத்தால் அழுதுவிடாதா? பந்தும் தேங்காயும் ஊஞ்சலும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. விளையாட்டுகளின் சுபாவத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இது என் ஊகம், எழுதிவைத்த ஆதாரம் காட்டி நிரூபிக்கக்கூடியது அல்ல. ஆண்டாள் கனவில் கண்ட கல்யாணத்தைப் பாருங்கள்: பந்தல், தோரணம், காப்பு, கைப்பிடித்தல், தீவலம், அம்மி, பொரி எல்லாம் வரிசையாக வருகின்றன. ஊஞ்சலும் நலங்கு விளையாட்டும் அந்தப் பாசுரங்களில் இல்லை. மாலை கூட மாற்றிக்கொள்ளவில்லை. கூறைப்புடவை உடுத்தி மணமாலையைச் சூட்டுவது அந்தரி, அதாவது துர்க்கை, கண்ணனின் தங்கை என்பதால் நாத்தனார் முறை. அதை வைத்து அந்தக் காலத்தில் விளையாட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது, கனவில் எல்லாமா வரும்? இன்னும் பழசாக அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. அதில் புரோகிதரும் இல்லை, தீயும் இல்லை. உளுந்துப் பொங்கலும், பந்தலும், புது மணலும், பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர் கூடிப் பெண்ணை நீராட்டி வாழ்த்துவதும்தான் கல்யாணம். பெண்கள் கையில் கல்யாணம் இருந்தது புதுசில்லை என்பதற்கு இது போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கல்யாண விளையாட்டில் என்ன விளையாடுகிறோம் என்பதைவிட யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதுதான் விஷயம். நம் உறவுமுறையில் பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். பங்காளியைக் கேலி செய்ய முடியாது. அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லாம் மரியாதைக் கணக்கு. மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தி, நாத்தனார் என்றால் கேலிக்கு முறை உண்டு. கிராமத்தில் திருவிழா முடிந்து மஞ்சள் நீர் ஊற்றும் நாளில் பாருங்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண் முறைப்பையனைத் தேடித்தான் ஓடுவாள். தப்பி ஒரு சித்தப்பா மேல் தெளித்தால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். என் மகள் காலேஜில் படித்தபோது, 1940-ல் ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானிடவியல்காரர் இந்தக் கேலி உறவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் என்று காட்டினாள். கல்யாணத்தால் சேர்ந்த இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒட்டும் இருக்கிறது, உரசலும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு கேலியை அனுமதித்தால் உரசல் சண்டையாகாமல் போகிறது என்கிறாராம். அதே வேலையை அதிகப்படி மரியாதையும் செய்யும், மாமியாரிடம் காட்டுகிற மரியாதை மாதிரி என்றும் எழுதியிருக்கிறாராம். எனக்கு அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

நம் ஏசல் பாட்டு இந்தக் கணக்கில்தான் வருகிறது. சம்பந்தி வீட்டார் சாப்பிடும்போதோ நலங்கின்போதோ, பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையின் அம்மா மூக்கையும் அத்தையின் கொண்டையையும் பாடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வரும். வடக்கேயும் இது உண்டு. துளசிதாசரின் ராமாயணத்தில் தசரதன் ஜனகர் வீட்டில் சாப்பிட உட்காரும்போது பெண்கள் ஆண், பெண் என்று பெயர் சொல்லிச் சொல்லி வசைப்பாட்டுப் பாடுகிறார்கள். ராஜா சபையோடு சேர்ந்து சிரிக்கிறார். உங்கள் கல்யாணம் நடக்கும் திருச்சியிலேயே ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று போய்ப் பாருங்கள். உறையூர் நாச்சியார் கமலவல்லியிடம் போய்வந்த பெருமாளை உள்ளே விடாமல் தாயார் கதவைச் சாத்திவிடுவார். பூவையும் பழத்தையும் வெண்ணெயையும் எறிவார்கள். இரண்டு பக்கத்துக்காகவும் ஆட்கள் வாதாடுவார்கள். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைப்பார். அதற்கப்புறம்தான் சேர்த்தி, இருவரும் சேர்ந்து காட்சி தருவது. திருவண்ணாமலையில் தை மாதம் திருவூடல், அதற்கென்று ஒரு தெருவே இருக்கிறது. சாமிக்கே சண்டை போட்டுச் சேர ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிற ஊர் நம்முடையது.

ஆனால் ஏசலில்தான் கல்யாணம் கெடும். அம்மா பாட உட்காருவதற்கு முன்னால் சமையல்கட்டுப் பக்கம் ஒரு நடை போவார். மாப்பிள்ளை வீட்டில் வயசான ஒரு அத்தையைப் பிடித்து, வெற்றிலை கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார். “உங்காத்துல யாருக்கு முணுக்குனு கோவம் வரும்?” இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் பாட்டு. சமீபத்தில் துக்கம் நடந்தவர், குழந்தை இல்லாதவர், பெண்ணுக்கு வரன் அமையாத வீட்டுக்காரர், பணம் விஷயமாக ஏற்கெனவே முகம் சுளித்தவர், இவர்கள் பெயர் பாட்டில் வராது. நிறத்தை அம்மா பாடவே மாட்டார். அவர் இல்லாத ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி சம்பந்தியம்மாளின் கறுப்பைப் பற்றி ஒரு வரி பாடிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ராத்திரி சாப்பிடாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் வருஷம் பேத்திக்குக் காது குத்தும்போதும் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, அவ்வளவு அமைதி. கேலி முறை இருப்பவர் என்பது மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டும் வைப்பார்கள் என்று நினைக்கிறேன், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீர் நிரம்பிய குடத்தில் மோதிரத்தைப் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். மூன்று தடவை. அதிகம் எடுத்தவர் கை வீட்டில் ஓங்கும் என்பார்கள். தெலுங்கு வீடுகளிலும் இது உண்டு. வட இந்தியாவில் பல இடங்களில் பாலோ குங்குமத் தண்ணீரோ ஊற்றிய தாம்பாளத்தில் தேடுவார்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இதுதான் நல்ல விளையாட்டு என்பேன். பேச வேண்டாம், பாட வேண்டாம், தண்ணீருக்குள்ளே இரண்டு கை மட்டும். எத்தனையோ மாப்பிள்ளைகள் மோதிரத்தை எடுத்துப் பெண்ணின் விரலுக்குள் தள்ளிவிட்டு வெறுங்கையை வெளியே காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். முழங்கை அசைகிற விதத்திலேயே தெரிந்துவிடும். குடத்தின் கழுத்து மட்டும் அகலமாக இருக்கட்டும். குறுகிய கழுத்துப் பித்தளைக் குடத்தில் வளையல் போட்ட கையும் வாட்ச் கட்டிய கையும் சேர்ந்து மாட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெய் ஊற்றி எடுத்தோம் ஒரு தடவை. புகைப்படக்காரருக்குக் கொண்டாட்டம்.

செருப்பு விஷயம். இது நம்முடையது இல்லை, உறுதி. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மணப்பெண்ணின் தங்கைகள் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து வைத்துப் பேரம் பேசுவார்கள். மண்டபத்துக்குள் ஏறும்போது அவர் அதைக் கழற்றியாக வேண்டும் என்பதில் ஆரம்பிக்கிறது விளையாட்டு. 1994-ல் வந்த ஓர் இந்திப் படத்தின் பாட்டு இதை எல்லா ஊருக்கும் கொண்டுபோனது. இந்த மாதிரி வழிமறித்துக் காசு கேட்பது துணைக்கண்டம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. வங்காளத்தில், இந்து வீடோ முஸ்லிம் வீடோ, பெண்ணின் தங்கைகள் வாசலை அடைத்துக்கொண்டு பணம் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். குஜராத்தில் மாமியார் ஆரத்தி எடுக்க வந்து மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்து இழுக்கப் பார்ப்பார். நம்மிடம் கேட்டு வாங்குவது சடங்கோடு சேர்ந்தே இருக்கிறது. பொரியிடும் மைத்துனனுக்கு வேட்டி, நாத்தனார் முடிச்சுப் போட்டவளுக்குப் புடவை. அதிலும் காசி யாத்திரையில் செருப்பையும் குடையையும் வாங்கி வைப்பதே பெண் வீட்டார்தான். அங்கே பெண் வீட்டார் திருடுகிற செருப்பை இங்கே பெண் வீட்டாரே வாங்கிக் கொடுக்கிறோம். உங்கள் தம்பிமார் ஒளிக்கப்போவது உங்கள் அப்பா காசு கொடுத்த செருப்பு, சொல்லி வையுங்கள்.

வெளியூர் வழக்கம் என்பதற்காக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊஞ்சலும் ஒரு நாள் எங்கிருந்தோ புதுசாக வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் பத்தாயிரம் என்பது விளையாட்டுத் தொகை இல்லை. மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் கையைப் பையில் விட்டுக்கொண்டே முகத்தைத் திருப்பினால் அங்கேயே முடிந்தது. ஐஸ்கிரீமுக்கு ஆகிற மாதிரி ஒரு தொகையை இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள், பேரம் மட்டும் மேடையில் நடக்கட்டும். இன்னொன்று, செருப்பை ஒளிக்கும் உரிமை மச்சினிக்கும் மச்சானுக்கும்தான், அதாவது உங்களுக்கும் தம்பிமாருக்கும். அவர்களுடைய ஆபீஸ் நண்பர்களுக்கு இல்லை. முறை இல்லாதவன் கை வைத்தால் அது வெறும் திருட்டு மாதிரி இருக்கும். மண்டபத்து வாசலில் ஐந்நூறு ஜோடி கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தப்பான செருப்பை எடுத்து ஒளித்து, நாதஸ்வரக்காரர் வெறுங்காலோடு ஊருக்குப் போனதும் நடந்திருக்கிறது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் பூசுவதை அவர்கள் சொன்ன நாளிலேயே, வீட்டுக்குள், பெண்கள் மட்டும் இருக்க வைத்துக்கொள்வேன். காசி யாத்திரையும் மாலை மாற்றலும் ஊஞ்சலும் வழக்கப்படி. சாயந்திர நலங்கை மேடையில் வைக்காமல், டிரோன் கேமராவும் மைக்கும் இல்லாமல், பக்கத்து அறையில் பாய் போட்டு முப்பது பேரோடு முடிப்பேன். அக்காவிடம் முதலிலேயே பட்டியலைக் கொடுத்து, எது வேண்டாமோ அதை அடித்துவிடச் சொல்வேன். தேங்காயும் அப்பளமும் பெரும்பாலும் தப்பிவிடும், பாட்டும் காலுக்கு நலங்கும் அடிபடும். காலைத் தொட மனமில்லை என்றால் இருவரும் மாற்றி மாற்றி இட்டுக்கொள்ளட்டும். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை தானாகவே செய்தார், மாமிகள் ‘ஓ’ என்று கத்தினார்களே தவிர ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

பாட வேண்டியது அக்கா இல்லை, பாட்டி. அவரிடம் இன்றைக்கே போய், உங்கள் கல்யாணத்தில் சம்பந்தியை என்ன பாடினார்கள் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள், பாதி வரி மறந்திருக்கும், மறுநாள் காலையில் தானாக ஞாபகம் வந்து கூப்பிடுவார். பாடி முடித்ததும், மாப்பிள்ளை வீட்டில் யாரைப் பாடக் கூடாது என்று அவரையே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பூச அவர்கள் வருகிறார்களே, வெற்றிலைத் தட்டோடு பாட்டியை அங்கே உட்காரவைக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.